பெரிய டிரம், சின்ன டிரம்

என்ன வேலை பார்க்கிறே என்று பெரியப்பா கேட்டபோது "கம்ப்யூட்டர் கோடவுன் கீப்பர்" என்று சொன்னேன். அவர் அதை அப்படியே நம்பி, கல்யாணத்துக்குக் கல்யாணம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். யோசித்துப் பார்த்தால் ஒன்றும் தப்பில்லை. டேட்டாபேஸ்காரர்கள் சாமான் கொண்டுவந்து வைப்பார்கள், கேட்டால் எடுத்துக் கொடுக்கணும். ஸ்டோரேஜ் அட்மின் வேலை அவ்வளவுதான். கோடவுன் நன்றாக இருக்கும்வரை கோடவுன்காரனை யாரும் நினைக்கமாட்டார்கள்.

2012-ல் நான் செய்த ஒரு கூத்தைப் பற்றி எழுதணும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. கொஞ்சம் கணக்கு வரும். எட்டாம் வகுப்புக் கணக்குதான், பயப்படவேண்டாம்.

அப்போது தி.நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு தெருவில் ஆபீஸ். கடன் கொடுத்து வட்டி வாங்கும் கம்பெனி. பெயர் வேண்டாம். மூணாவது மாடியில் சர்வர் ரூம், அதில் ஹெச்பி ஈவிஏ 4400 என்று ஒரு டிஸ்க் அரே. 300 ஜிபி டிஸ்க் 32 இருந்தது. எல்லாம் 15,000 ஆர்பிஎம் சுற்றுகிற ஜாதி. இந்த மெஷினில் ஒரு அழகு என்னவென்றால், 32 டிஸ்கையும் ஒரே குரூப்பில் போட்டுவிட்டால் டேட்டாவைப் பொடிப்பொடியாக நறுக்கி எல்லா டிஸ்கிலும் தானே பரப்பி வைத்துக்கொள்ளும். எது எங்கே இருக்கு என்று நாம் கவலைப்படவேண்டாம்.

2011 கடைசியில் குரூப் 90 சதவீதம் நிரம்பிவிட்டது. இன்னும் 16 டிஸ்க், அதே 300 ஜிபி வேணும் என்று நான் எழுதிக் கொடுத்தேன். கெட்ட நேரம், அந்த அக்டோபரில்தான் தாய்லாந்தில் வெள்ளம். அயுத்தயா பக்கம் வெஸ்டர்ன் டிஜிட்டல் தொழிற்சாலை தண்ணீரில் நின்றது. ஹார்ட் டிஸ்குக்கு மோட்டார் செய்யும் நிடெக் கம்பெனியின் ஆலைகளிலும் தண்ணி. உலகம் பூரா ஹார்ட் டிஸ்க் தட்டுப்பாடு. ரிச்சி தெருவில் கடைக்காரர்கள் காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை சொன்னார்கள். தங்கம் மாதிரி "இன்னிக்கு ரேட் என்னண்ணே" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போகணும். எங்கேயோ அயுத்தயாவில் மழை பெய்தால் சிந்தாதிரிப்பேட்டையில் சாதாரண 500 ஜிபி டிஸ்க் ரெண்டு மடங்கு விலை!

எங்களுக்கு டிஸ்க் சப்ளை பண்ணுகிறவர் கையை விரித்துவிட்டார். 300 ஜிபி எப்போ வரும்னு தெரியாது சார், 600 ஜிபி எட்டு இருக்கு, அதுவும் 15,000 ஆர்பிஎம்தான், வேணுமா? என் மேனேஜர் கால்குலேட்டரே எடுக்கவில்லை. 16 முன்னூறும் 4,800. எட்டு அறுநூறும் 4,800. விலையும் கொஞ்சம் குறைவு. "என்னப்பா, ஓகேவா?" என்றார். நான் ஓகே சொன்னேன்.

ஒரே சைஸ் டிஸ்குகளைச் சேர்த்து வை என்று அந்த மெஷினுக்கான சிபாரிசுகளிலேயே இருந்தது. படித்தும் இருந்தேன். ஆனால் சேர்க்கக் கூடாது என்று எங்கேயும் இல்லையே! மெஷின் ஏற்றுக்கொள்ளும். ஏற்றுக்கொண்டது.

பிப்ரவரி நடுவில் எட்டு டிஸ்கையும் செருகினேன். லெவலிங் என்று ஒன்று தானாக ஆரம்பிக்கும். பழைய டிஸ்கில் இருப்பதைப் புதுசுக்கும் பங்கு போட்டு, எல்லாம் சமமாக நிரம்பும்வரை ராத்திரி பகலாக ஓடும். முடிந்ததும் பார்த்தேன். குரூப் 90-லிருந்து 61 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. ஒவ்வொரு டிஸ்காகத் திறந்து பார்த்தாலும், சின்னதோ பெருசோ, கிட்டத்தட்ட ஒரே சதவீதம். அந்த ஸ்கிரீனை பிரிண்ட் எடுத்து மேனேஜர் மேஜையில் வைத்தேன். சமையலை முடித்துப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு நிம்மதி.

(எழுதும்போது ஞாபகம் வருகிறது. வாங்கியது 4.8 டிபி என்றாலும் அவ்வளவும் கைக்கு வரவில்லை. ஒரு டிஸ்க் செத்தால் சமாளிக்க அந்த மெஷின் கொஞ்சம் இடம் ஒதுக்கி வைத்துக்கொள்ளும். எவ்வளவு? குரூப்பிலேயே பெரிய டிஸ்க் எதுவோ அதைப்போல் ரெண்டு மடங்கு. முன்னாடி 600 ஒதுக்கியிருந்தது, பெரிய டிஸ்க் வந்ததும் 1,200 ஆகிவிட்டது. இதையும் நான் முதலில் யோசிக்கவில்லை.)

பிப்ரவரி 29. லீப் வருஷம். அன்று ராத்திரி மாசக் கடைசி வட்டிக் கணக்கு ஓடியது. வழக்கமாக ஒரு மணிக்கு ஆரம்பித்து ஏழேகாலுக்கு முடியும் வேலை. அன்றைக்கு ஒன்பது இருபதுக்கு முடிந்தது. ஒன்பதரைக்குக் கிளைகள் திறக்கணும். அதற்குப் பிறகு செய்யவேண்டிய சரிபார்ப்பெல்லாம் சேர்ந்து பத்தேகாலுக்குத்தான் சிஸ்டம் திறந்தது. முக்கால் மணி நேரம் எல்லா ஊரிலும் ஜனங்கள் கவுன்ட்டரில் நின்றார்கள். எம்.டி. வரைக்கும் போய்விட்டது.

எங்கள் டிபிஏ ரிட்டையர் ஆனபின் வருஷா வருஷம் கான்ட்ராக்டில் வந்துகொண்டிருந்தவர். அடையாறு காந்தி நகரிலிருந்து பழைய பஜாஜ் ஸ்கூட்டரில் வருவார். டிபன் பாக்ஸில் எப்போதும் தயிர்சாதம். வட்டிக் கணக்கு ப்ரோக்ராமில் பாதி அவர் எழுதியது. மார்ச் 1 காலையில் நேராக என் சீட்டுக்கு வந்தார்.

"நீ ஏதாவது மாத்தினியாப்பா?"

"டிஸ்க் சேர்த்தோம் சார். அதனால வேகம் கூடத்தான் செய்யும், குறையாது."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். மத்தியானம் ஒரு மெயில் அனுப்பினார், ஆரக்கிள் ரிப்போர்ட் இணைப்போடு. நான் உடனே, அரேயில் எல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட் எடுத்துப் பதில் அனுப்பினேன். அதை எடுத்தபோது மணி காலை பதினொன்று. வட்டிக் கணக்கு ஓடியது ராத்திரி. அதிகாலை மூணு மணிக்கு கோடவுன் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, தூங்கிக்கொண்டிருந்தேன். பதினொரு மணி ரிப்போர்ட்டில் எல்லாம் பச்சையாகத்தானே இருக்கும்?

அதே பிப்ரவரி 29 அன்றுதான் மைக்ரோசாஃப்ட்டின் அஸ்யூர் லீப் வருஷத் தேதிக் கணக்கில் தப்புப் பண்ணி உலகம் பூரா படுத்துக்கொண்டது. அந்த நியூஸ் வந்ததும் மேனேஜருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மைக்ரோசாஃப்ட்டுக்கே லீப் வருஷம் தகராறு, நம்ம சாரோட ப்ரோக்ராமுக்கு வராதா? மீட்டிங்கில் அப்படியே கேட்டார். "29-ம் தேதியை என் ப்ரோக்ராம் சரியாத்தான் பண்ணுது, வட்டி ஒரு பைசா மாறலையே" என்றார் சார். தப்பில்லை சார், மெதுவா ஓடுதே, என்றார் மேனேஜர். என்னைப் பார்த்து, ஸ்டோரேஜ்ல ஒண்ணும் இல்லையே? "61 பர்சென்ட்தான் சார், எல்லா டிஸ்கும் ஈவனா இருக்கு." அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 31 சனிக்கிழமை. வருஷக் கடைசிக் கணக்கும் இழுத்தது, ஆனால் மறுநாள் ஞாயிறு என்பதால் யாருக்கும் தெரியவில்லை. அன்றோடு சாரின் கான்ட்ராக்டும் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. பார்ட்டி எல்லாம் கிடையாது. கேன்டீன் காபி ஒரு ரவுண்டு. போகும்போது என் சீட்டுக்கு வந்து "வரேம்பா" என்றார்.

புதுசாக ஒரு பெண் டிபிஏவாக வந்தாள். ஏப்ரல் கடைசியில் அவள் கேட்டாள், "அண்ணா, லீப் வருஷ பிரச்சினை பிப்ரவரியோட போச்சு. மார்ச் லாக் பார்த்தேன், அதுவும் அதே அளவுக்கு மெதுவா இருக்கே?"

பளார் என்று இருந்தது. ஏப்ரல் 30 ராத்திரி ஆபீஸிலேயே உட்கார்ந்தேன். மறுநாள் மே தினம், லீவு. அதனால்தான் உட்கார்ந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஈவிஏபெர்ஃப் என்று ஒரு கறுப்பு ஸ்கிரீன் டூல் உண்டு, ஒவ்வொரு டிஸ்க்காக என்ன பண்ணுகிறது என்று காட்டும். அதை ஓடவிட்டுக் காத்திருந்தேன். ரெண்டு மணிக்கு எண்கள் வர ஆரம்பித்தன. 32 டிஸ்க் எட்டு மில்லி செகண்டில் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. எட்டு டிஸ்க் மட்டும் நாற்பது, ஐம்பது.

அந்த ராத்திரி எனக்கு எங்கள் மயிலாப்பூர் வீட்டு டிரம் ஞாபகம் வந்தது.

2003-ல் சென்னையில் தண்ணீர்க் கஷ்டம். எங்கள் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் மெட்ரோ வாட்டர் லாரி வரும். பால்கனியில் ரெண்டு நீல டிரம் வைத்திருந்தோம், ஒன்று 200 லிட்டர், ஒன்று 100 லிட்டர். பிளம்பரைக் கூப்பிட்டு ரெண்டுக்கும் அடியில் ஒரே மாதிரி அரை இஞ்ச் குழாய் வைத்தோம். அம்மாவுக்கு ஒரு விநோதமான சட்டம், ரெண்டு டிரம்மும் சேர்ந்தே இறங்கணும். ஒன்று காலியாகி ஒன்று நிறைய இருந்தால் அவளுக்குப் பொறுக்காது. அப்படி வைக்கணும் என்றால் சின்னதில் ஒரு குடம் பிடித்தால் பெருசில் ரெண்டு குடம் பிடிக்கணும். காலையில் பார்த்தால் பெரிய டிரம் பக்கம் அப்பா, தங்கை, நான் வரிசையில் நிற்போம். சின்ன டிரம் குழாய் சும்மா இருக்கும். டிரம்தான் பெருசு, குழாய் அதே அரை இஞ்ச்தானே!

டிஸ்கும் அதேதான். 300 ஜிபியோ 600 ஜிபியோ, தேடி எடுக்கும் கை ஒன்றுதான். 15,000 ஆர்பிஎம் டிஸ்க் வினாடிக்குச் சுமார் 180 தடவை எடுத்துக் கொடுக்கும், அதற்குமேல் முடியாது. எங்கள் வட்டிக் கணக்கு உச்சத்தில் வினாடிக்கு 5,500 கேட்கும். பழைய 32 டிஸ்க் இருந்தபோது ஆளுக்கு 172. மூச்சு வாங்கும், ஆனால் ஓடிவிடும். நான் கேட்ட மாதிரி 16 முன்னூறு வந்திருந்தால் 48 டிஸ்க், ஆளுக்கு 115, ராஜா மாதிரி இருந்திருக்கும். வந்தது எட்டு அறுநூறு. மெஷின் எல்லாவற்றையும் ஒரே சதவீதம் நிரப்பணும் என்று பெருசுக்கு ரெண்டு பங்கு டேட்டா கொடுத்தது. டேட்டா எங்கே இருக்கோ வேலையும் அங்கேதான் போகும். சின்னதுக்கு 115, பெருசுக்கு 229. முடியுமா? 180-ல் முட்டி நின்றுவிடும். பெருசு நின்றால் எல்லாமே நிற்கும், ஏனென்றால் டேட்டா எல்லோரிடமும் பொடிப்பொடியாக இருக்கு. கணக்குப் போட்டால் மொத்த மெஷினும் 4,320-ஐத் தாண்டாது.

32 டிஸ்க் இருந்தபோது 5,760 தாங்கிய மெஷின், எட்டு சேர்த்ததும் 4,320. லட்சக்கணக்கில் செலவு பண்ணி மெதுவாக்கியிருக்கேன்.

பேப்பரில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளில் இத்தனை சதவீதம் தண்ணீர் என்று போடுகிறார்களே, அதைப் பார்த்தாலே எனக்கு இப்போது எரிச்சல் வரும். சோழவரம் 1,081 மில்லியன் கன அடி, செம்பரம்பாக்கம் 3,645. ரெண்டிலும் பாதி என்றால் என்ன அர்த்தம்? எவ்வளவு இருக்கு என்பது ஒரு கேள்வி, எவ்வளவு வேகமாக எடுக்கமுடியும் என்பது வேறு கேள்வி. சதவீதம் ரெண்டாவதைச் சொல்லவே சொல்லாது.

மற்ற மெஷின்களில் இது வேறு வேறு வேஷத்தில் வரும். நெட்ஆப்பில் சின்ன டிஸ்க் செத்து அந்த இடத்துக்குப் பெருசு போனால், பெருசை வெட்டிச் சின்னதாக்கித்தான் பயன்படுத்தும். இடம் வீண், ஆனால் வரிசை நிற்காது. 3பார் எல்லா டிஸ்கையும் சின்னச் சின்னத் துண்டாக்கி வைக்கும். முதலில் சமமாகப் போய்க்கொண்டே இருக்கும், சின்ன டிஸ்கில் துண்டு தீர்ந்ததும் புது டேட்டா எல்லாம் பெருசின் தலையில். பிறகு வந்த செஃப் இருக்கே, அதில் டிஸ்கின் வெயிட்டே டெராபைட் கணக்குதான், பெரிய டிஸ்குக்குப் பெரிய பங்கு. எங்கள் கதை மறுபடியும். எஸ்எஸ்டி வந்தபிறகு கை என்பதே இல்லாததால் இந்தத் தொல்லை குறைந்தது. ஆனால் ஹார்ட் டிஸ்க் 20 டிபியைத் தாண்டியும் பெரும்பாலானவற்றில் கை இன்னும் அப்படியேதான் இருக்கு. சீகேட் ஒரே டிஸ்கில் ரெண்டு தனித்தனிக் கை வைத்து விற்றது என்றால் காரணம் இதுதான். அம்மாவின் பெரிய டிரம்முக்கு இன்னொரு குழாய்.

சரி, கதைக்கு வருகிறேன். தீர்வு சுலபம்தான், அலுப்பு பிடித்தது. எட்டு பெரிய டிஸ்கையும் குரூப்பிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுக்கணும். ஒன்றை எடுத்தால் அதில் இருப்பது மற்றவற்றுக்குப் போய்ச் சேரும்வரை காத்திருந்து அடுத்தது. அப்படியே எடுத்தால் பழைய குரூப் மறுபடி 90 சதவீதத்தைத் தாண்டும் என்பதால், முதலில் ரிச்சி தெருவில் அநியாய விலைக்கு 2 டிபி டிஸ்குகள் வாங்கி, ஸ்கேன் பண்ணிய பழைய பேப்பர்களை அதில் கொட்டினேன். ஒரு வாரம் ஆனது. பிறகு எட்டையும் வைத்து தனிக் குரூப். அந்த மெஷினில் ஒரு குரூப்புக்குக் குறைந்தது எட்டு டிஸ்க் வேணும், நல்லவேளை சரியாக எட்டு இருந்தது. யாரும் அதிகம் தொடாத டேட்டாவை எல்லாம் அங்கே தள்ளினேன். ஒதுக்கீடு ரெண்டு இடத்தில் ஆனதால் அரை டிபி கிட்டே போச்சு. மேனேஜர் "அந்த அரை டிபி எங்கேப்பா?" என்று ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

மே 31 ராத்திரிக் கணக்கு ஏழு இருபதுக்கு முடிந்தது. அதாவது ஜனவரியில் எங்கே இருந்தோமோ அங்கே. எனக்குப் பாராட்டு மெயில் வந்தது, "பெர்ஃபார்மன்ஸ் ஆப்டிமைசேஷன்" செய்ததற்காக. அந்த வார்த்தை நான் கொடுத்ததுதான். பிப்ரவரியில் கெடுத்தது நான் என்று ரிப்போர்ட்டில் எங்கேயும் எழுதவில்லை. புது டிபிஏ பெண்ணுக்குத் தெரியும், அவள் கேட்கவில்லை. சார் நம்பர் போனில் இருந்தது. ரெண்டு மூணு தடவை எடுத்து வைத்துவிட்டேன்.

2013 டிசம்பர் சீசனில் மயிலாப்பூரில் ஒரு சபா கேன்டீனில் அவரைப் பார்த்தேன். கீரை வடை வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஜிப்பா, நெற்றியில் சந்தனம், ஆள் இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் டோக்கனைப் பிடுங்கி எனக்கும் சேர்த்து வாங்கினார். உட்கார்ந்ததும் நான் சொல்லிவிட்டேன். எட்டு டிஸ்க், 172, 229, எல்லாம். வடை ஆறிப்போச்சு.

அவர் கேட்டது ஒன்றுதான்.

"நான் மார்ச் 1 அனுப்பின மெயில் படிச்சியா?"

"ரிப்போர்ட் அட்டாச் பண்ணியிருந்தீங்களே சார்..."

"அட்டாச்மென்ட் இல்லப்பா, மெயில். ரெண்டே வரி எழுதியிருந்தேன். மூணுல ரெண்டு பங்கு ரீட் எப்பவும் போல வருது, ஒரு பங்கு மட்டும் நாப்பது மில்லி செகண்ட் ஆகுது, அந்த ஒரு பங்கு எங்க இருக்குன்னு பாரேன்னு."

மனசுக்குள்ளே கணக்குப் போட்டேன். எட்டு அறுநூறு 4,800. மொத்தம் 14,400. சரியாக மூணில் ஒரு பங்கு.

"படிக்கலை சார்."

"சரி விடு" என்றார். "கான்ட்ராக்ட் அதுக்காகப் போகலை. என் வயசுக்கு எப்படியும் நிறுத்தியிருப்பாங்க." எனக்காகச் சொன்னாரா, நிஜமா, இன்றுவரை தெரியாது. காபியை ஆற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஆபீஸில் பார்த்த அதே முகத்தோடு, "எட்டையும் ஓடிக்கிட்டிருக்கும்போதேவா வெளியே எடுத்தே?" என்றார்.

"ஆமா சார். ஒவ்வொண்ணா."

"நடுவுல ஒரு டிஸ்க் போயிருந்தா?"

"போகலை சார்."

"போயிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

உள்ளே அடுத்த கச்சேரிக்கு ஸ்ருதி சேர்க்கும் சத்தம் கேட்டது. அவர் எழுந்திருக்கவில்லை. நான் பதில் சொல்லட்டும் என்று பேப்பர் நாப்கினையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார்.